காம்பராவும் கமராவும்

எங்கள் அம்மாயிக்கு அவருடைய வாழ்நாளில் ஒரேயொரு புகைப்படமே எடுக்கப்பட்டது. கறுப்பு வெள்ளையில் அமைந்த, தபால்முத்திரையிலும் சற்றே பெரிதான படம் அது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியதன் பின்னர், தேசிய அடையாள அட்டை பெறும்பொருட்டு, 2004ஆம் ஆண்டிற் புதுக்குடியிருப்பிலிருந்த படப்பிடிப்பு நிலையமொன்றில் அது எடுக்கப்பட்டது. அன்று அம்மாயி விடியுமுன்பே எழுந்து முழுகி, தகரப்பெட்டியின் அடியிற் கிடந்த சேலையை எடுத்து உடுத்து, உடையார்கட்டுச் சந்தியிற் பஸ்ஸுக்காக நெடுநேரம் காத்துநின்றாராம். படம் கைக்கு வந்தபோது அதிற் கழுத்துக்கு மேலுள்ள பகுதி மட்டுமே இருந்தது. "சீலை விழலியா?" என்று அவர் கேட்டதையும், அடையாள அட்டைக்கு முகம் போதும் என்று படம்பிடித்தவர் விடை சொன்னதையும் அம்மா பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியபோது அம்மாயி மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் சிறுமி. தாம் ஒரு நாட்டின் பிரசை என்பதற்கான தாளைக் கையிற் பெற்றபோது அவர் கிழவி. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில் அவர் வாழ்ந்த காம்பராவையோ, கொழுந்து பறித்த மலையையோ, 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத வன்செயலின் பின் வன்னிக்கு வந்து போட்ட குடிசையையோ காட்டும் படம் எதுவும் எங்களிடம் இல்லை. இல்லாத அப்படங்களைப் பற்றியும், ஏழைகளின் வீட்டைப் படம்பிடித்தல் என்னும் செயலைப் பற்றியும் சில காலமாக நான் சிந்தித்து வந்தவற்றை இங்கு எழுத முற்படுகிறேன். இது ஆராய்ச்சியன்று. நானும் அச்செயலிற் குற்றமிழைத்தவன் என்ற முறையில் எழுதுவது.

மலையகத் தோட்டங்களில் லயத்து வீட்டைக் 'காம்பரா' என்பர். போர்த்துக்கேயர் வழியாக இந்நாட்டு வழக்கிற் கலந்த சொல் அது. அறை என்பது பொருள். புகைப்படக் கருவிக்கு நாம் வழங்கும் 'கமரா' என்னும் சொல்லும் அதே இலத்தீன் மூலத்திலிருந்து பிறந்தது. சிறு துளையினூடு புகும் ஒளி எதிர்ச்சுவரிலே தலைகீழான உருவத்தை விழுத்தும் இருட்டறைக்கு இட்ட பெயரே பின்னர் கருவியின் பெயராகச் சுருங்கிற்று. ஆகவே காம்பராவும் கமராவும் ஒருதாய்ப் பிள்ளைகள். இரண்டும் இருட்டறைகள். ஆயின் இரண்டாவது அறை முதலாவது அறையினுள் நுழைவதற்கு நெடுங்காலம் சென்றது என்பதே நான் சொல்லவந்த கதையின் தொடக்கம்.

குடியேறிகளின் நெருக்கடி மிகுந்த வாழ்விடங்களைப் படம்பிடித்து, அதனைச் சமூக விமர்சனமாக்கியவர் என்று உலகம் போற்றுபவர் ஜேக்கப் றீஸ். அவரும் ஒரு குடியேறியே. 1849ஆம் ஆண்டு டென்மார்க்கிற் பிறந்து, 1870இல் நியூயோர்க் நகரை அடைந்தார். வேலையின்றி அலைந்த நாட்களிற் பொலிஸ் நிலையங்களோடு சேர்ந்திருந்த வறியோர் தங்குமிடங்களிலும் படுத்துறங்கியவர். பின்னர் பொலிஸ் செய்தியாளராகி, இத்தாலியரும் யூதரும் அயர்லாந்தவரும் சீனரும் நெருங்கி வாழ்ந்த மாடிக் குடியிருப்புகளுக்கு இரவு வேளைகளிற் சென்றுவந்தார். தாம் கண்டதை எழுதினார். எழுத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. அக்குடியிருப்புகளின் உள்ளறைகள் பலவற்றிற் சாளரம் கிடையாது. சாளரமில்லாத அறையில் அக்காலத்துக் கருவியாற் படமெடுத்தல் இயலாது. 1887ஆம் ஆண்டு மக்னீசியம் கலந்த ஒளித்தூள் பற்றிய செய்தியை அவர் படித்தார். முதலிற் கைத்துப்பாக்கி போன்ற கருவியாலும், பின்னர் ஒரு தாச்சியிலும் அத்தூளைக் கொளுத்தி, கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்திற் படமெடுத்தார். ஓர் இரவுக்கு ஐந்து சதம் கொடுத்துத் தரையிற் படுக்க இடம் பெற்றோரின் அறை அவ்வாறு பதிவாயிற்று. 1890இல் வெளிவந்த அவரது நூல் நகரின் மனச்சாட்சியை உலுக்கிற்று. மல்பெரி வளைவு எனப்பட்ட இழிநிலைக் குடியிருப்பு இடிக்கப்பட்டு, 1897இல் அவ்விடம் பூங்காவாயிற்று. 1901ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் வெளிச்சத்தையும் காற்றோட்டத்தையும் கழிப்பறையையும் வீட்டுக்குரிய உரிமைகளாக்கிற்று. தியடோர் ரூஸ்வெல்ற் அவருடைய நண்பரானார். ஒரு புகைப்படத்தாற் சட்டத்தை மாற்றமுடியும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

எனினும் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. றீஸ் பெரும்பாலும் முன்னறிவித்தலின்றி நுழைந்தார். தூக்கத்தில் திடுக்கிட்டு விழித்தோரின் கண்களே அப்படங்களில் நம்மை நோக்குகின்றன. சிறுவர் சிலரை நடித்துக் காட்டச்செய்து எடுத்த படங்களும் உள. சீனரையும் யூதரையும் பற்றி அவர் எழுதியவற்றில் இனம்பற்றிய தப்பெண்ணங்கள் மலிந்துள்ளன. பார்வையற்ற இரவலர் சிலரைப் படமெடுத்தபோது ஒளித்தூளின் தீ சுவரிலே பற்றிக்கொண்டதையும், தாமே போராடி அதனை அணைத்ததையும் அவர் மறைக்காது எழுதியிருக்கிறார். இருட்டை நீக்கப் போனவன் வீட்டைக் கொளுத்திவிடவும் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான உவமை எனக்குத் தோன்றவில்லை. தீப்பற்றியமையை அந்த வீட்டில் இருந்தவர்களாற் காணவும் முடியவில்லை. இடிக்கப்பட்ட வளைவில் வாழ்ந்தோர் எங்கே போனார்கள் என்ற கேள்விக்குப் பூங்காவிலே விடையில்லை.

எமது நாட்டில் நிலைமை வேறு. இங்கே தேயிலையும் புகைப்படமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தவை. ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிற் தேயிலை பயிரிடத் தொடங்கியது 1867இல். புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கிரட் கமரன் அம்மையார் தம் கணவருடன் இலங்கைக்குக் குடிவந்தது 1875இல். கணவர் சாள்ஸ் ஹே கமரன், கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் பெயராற் சரித்திர மாணவர் அனைவரும் அறிந்தவர். இங்கே கோப்பித் தோட்டங்களுக்கும் உரிமையாளர். அம்மையார் 1879இல் டிக்கோயாப் பகுதியிலுள்ள தோட்டத்தில் இறந்து, பொகவந்தலாவையிலே அடக்கம் செய்யப்பட்டார். தெனிசனையும் டார்வினையும் படம்பிடித்த அதே கருவியால் அவர் கிராமத்தாரையும் தோட்டத் தொழிலாளரையும் படம்பிடித்தார். அப்படங்களிற் சிலவே எஞ்சியுள்ளன. களுத்துறைக் குடியானவர் மூவரைக் காட்டும் படமொன்றின் கீழ்ச் சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், தந்தை எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் முதியவர் தமக்கு நூறு வயது என்கிறார் என்றும் குறிப்பிருக்கிறது. வயதைக் கேட்டறிந்து எழுதியவருக்குப் பெயரையும் எழுதவேண்டும் என்று தோன்றவில்லை.

அவருக்குப் பின் வந்த வணிகப் புகைப்பட நிலையங்கள் கொழுந்துக் கூடையுடன் நிற்கும் பெண்ணை உலகெங்கும் அஞ்சலட்டையாக அனுப்பின. 1934ஆம் ஆண்டு தேயிலைப் பிரசார சபையின் ஆதரவுடன் பசில் றைற் உருவாக்கிய 'இலங்கையின் கீதம்' என்னும் விவரணப்படம் கலைச்சிறப்பாற் பேர்பெற்றது. இவையனைத்திலும் மலை உண்டு, பனி உண்டு, பச்சை உண்டு, சிரிப்பும் உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான, முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராவின் உட்புறம் இல்லை. அங்கேயும் நியூயோர்க்கின் உள்ளறைகளிற் போலவே வெளிச்சமில்லை என்பது காரணமன்று. றீஸ் ஒளித்தூளைக் கொளுத்திய ஆண்டின் பின்னர் எந்த இருளும் சாக்குப்போக்காக முடியாது. படத்தை விலைகொடுத்து வாங்கியோர் தேயிலையை விற்போராக இருந்தனர். அவர்களுக்கு அறை தேவைப்படவில்லை. நாளடைவில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் சொல்லால் அந்த அறைக்குள் விளக்கேற்றினர். 1970களிற் பிரித்தானியத் தொலைக்காட்சியின் கருவி அங்கு நுழைந்தபோது, தாம் பருகும் தேநீரின் விலை என்னவென்று அந்நாட்டார் சிலர் அறிந்தனர்.

அரசாங்கம் முகத்தைப் படமெடுத்தது, வீட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. வணிகர் மலையைப் படமெடுத்தனர், முகத்தை அலங்காரமாக்கினர். சமூக விமர்சகரோ வீட்டைப் படமெடுத்தனர். சிற்சில சிறுவரின் பெயர்களைப் பதிந்தபோதிலும் பெரும்பாலானோரைப் பெயரிலிகளாக விட்டனர். முகமும் வீடும் பெயரும் ஒருங்கே அமைந்த படம் ஏழைகளுக்கு அரிதாகவே வாய்த்தது.

இனி வன்னிக்கு வருவோம். மலையகத்தார் வன்னிக்கு முதன்முதல் வந்தது 1977இல் என்று பலரும் கருதுவர். உண்மையில் அவர்களின் முன்னோர் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, இக்காடுகளினூடாகவே மாத்தளைக்கு நடந்தனர். நீரின்றியும் பேதியாலும் வழியில் வீழ்ந்தோருக்குக் கணக்கில்லை. 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின் அவர்கள் செட்டிகுளத்தைக் கடந்து வண்டியிற் சென்றனர். பின்னர் 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் அவர்களின் சந்ததியாரை வடக்கே திருப்பியனுப்பின. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டிருந்தது. அந்தப் பங்கீட்டின் இடுக்கிற் சிக்கியோர் பலர் வன்னிக் காட்டை வெட்டிக் குடியமர்ந்தனர். காந்தீயம் அமைப்பு அவர்களுட் பலருக்குக் கைகொடுத்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். எங்கள் குடும்பம் உடையார்கட்டுக் குளத்தின் கீழ் வயல்களிற் கூலிவேலை செய்து நிலைத்தது. மண்சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட வீடு. லயத்தில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது என்று அம்மாயி சொல்வார்: நான்கு பக்கமும் வேலி. பக்கத்து வீட்டாரின் இருமல் கேட்காத இரவை அவர் முதன்முதல் அறிந்தது அங்கேதான். ஆயினும் 'தோட்டக்காட்டார்' என்ற சொல் வேலியைத் தாண்டி வந்துகொண்டேயிருந்தது. 2007இல் அவர் அந்த வீட்டிலேயே கண்மூடினார்.

2009 ஜனவரியில் பரந்தன்–முல்லைத்தீவு வீதிக்கு வடக்கே, உடையார்கட்டையும் அயற்கிராமங்களையும் உள்ளடக்கிய பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. சில நாட்களுள் எங்கள் வளவினுள் பதினொரு குடும்பங்கள் கூடாரமிட்டிருந்தன. அவ்வலயத்தினுள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன. பாடசாலை வைத்தியசாலையாயிற்று. அப்போது எனக்குப் பதினொரு வயது. பின்னர் மாத்தளனில் நாங்கள் தறப்பாளின் கீழ்க் கிடந்த நாட்களிற் செய்மதிகள் வானத்திலிருந்து அக்கடற்கரையைப் படமெடுத்தன. அப்படங்களைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபின்பே கண்டேன். ஆயிரமாயிரம் வெண்புள்ளிகள். அவற்றுள் எது எங்களுடையது என்று தேடிப்பார்த்தேன். வீடு மட்டும் தெரிந்து மனிதர் எவரும் தெரியாத படத்தின் எல்லை அதுவெனலாம்.

ஏப்ரல் மாத இறுதியில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டோம். முன்னோர் புகையிரதத்திற் கடந்த அதே செட்டிகுளம். எங்கள் பிரிவுக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர் இடப்பட்டிருந்தது. அவரது சிங்களக் கலை பற்றிய 1908ஆம் ஆண்டு நூலுக்கு வேண்டிய படங்களைத் துணைவியார் எதெல் கிராமம் கிராமமாகச் சென்று எடுத்துதவினார் என்பதைப் பின்னாளிற் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முகாமுக்கு வருவோர் பலரின் கழுத்திலும் கமரா தொங்கிற்று. ஒருநாள் ஒருவர் எங்கள் கூடாரத்தின் முன் நின்றார். அம்மா அடுப்பின் முன்னிருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கோ மகிழ்ச்சி. யாரோ என்னைப் படமெடுக்கிறார்! பல் தெரியச் சிரித்தேன். அவர் கருவியைத் தாழ்த்தி, சிரிக்கவேண்டாம் என்று கையாற் சைகை காட்டினார். நான் சிரிப்பை நிறுத்தினேன். படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்படம் எங்கேனும் அச்சாகியிருக்கும். அதில் உள்ள துயரம் பொய்யன்று. ஆனால் அந்த நொடியில் என் முகத்தில் இருந்தது அதுவன்று.

அன்று கற்ற பாடத்தை நான் மறந்துவிட்டேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கப்படுகிறேன். 2019ஆம் ஆண்டு மாணவர் புகைப்படக் கண்காட்சி ஒன்றுக்காக நண்பர் இருவருடன் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றுக்குச் சென்றேன். லயமொன்றின் காம்பரா வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டியார் எங்களை உள்ளே அழைத்துச் சாயம் ஊற்றித் தந்தார். அறை இருண்டிருந்தது. ஒளிவிளக்கைப் பயன்படுத்தினேன். அவர் கண்களைச் சுருக்கிக்கொண்டார். "தம்பி, அந்த மூலையில ஒழுகுது பாருங்க, அதையும் பிடிங்க, தொரைக்குக் காட்டணும்" என்றார். நான் மேலே நோக்கிவிட்டு, ஆகட்டும் என்றேன். எடுக்கவில்லை. கூரைமூலையிற் கலை என்ன இருக்கிறது? திரும்பி வந்து படத்தைச் செம்மைப்படுத்தியபோது, அவர் பின்னாலுள்ள சுவரில் நான்கு சட்டமிட்ட படங்கள் மாட்டியிருப்பதைக் கண்டேன். ஒரு திருமணம், பூமாலை சூட்டிய ஒரு முதியவர், பாடசாலைச் சீருடையிற் பரிசு பெறும் சிறுமி ஒருத்தி, முருகன். அவை என் கருத்துக்கு இடையூறாக இருந்தன. வெட்டிவிட்டேன். எஞ்சியது வெறுஞ்சுவரும் சுருங்கிய கண்களும். 'விடியாத இருள்' என்று தலைப்பிட்டேன். பாராட்டும் கிடைத்தது.

விடுமுறையில் உடையார்கட்டுக்குப் போனபோது படத்தை அம்மாவிடம் பெருமையோடு காட்டினேன். அம்மா நெடுநேரம் பார்த்தார். "இந்த அம்மாவுக்கு ஆருமில்லையா? செவுத்துல ஒரு படங்கூட இல்லியே" என்றார்.

அக்கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல மூன்று ஆண்டுகள் சென்றன.

ஏழ்மையைக் காட்டுவதற்காக ஏழையை வறியவராக்கினேன் என்பதே என் குற்றம். லயத்து அறை சிறிது, இருண்டது, ஒழுகுவது என்பவையெல்லாம் உண்மை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது நாடு முழுவதும் அதனைக் கண்டது. இவ்வுண்மையைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த இருட்டறைக்குள்ளும் ஒருவர் தம் வாழ்க்கையின் சிறந்த நாட்களைத் தெரிந்தெடுத்து, சட்டமிட்டு, ஆணியடித்து மாட்டியிருக்கிறார் என்பதும் உண்மையே. அவர் தமக்கென அமைத்த கண்காட்சியை அகற்றிவிட்டு நான் என் கண்காட்சியை நடத்தினேன். அதனிலும் மோசமானது, அவர் கேட்ட படத்தை எடுக்காமல் விட்டது. அவருக்குக் கமரா என்பது சாட்சி. ஒழுகும் கூரைக்குச் சாட்சி. எனக்கோ அது என் இரக்கத்தின் கண்ணாடி.

புகைப்படம் சாட்சியாக இயங்குவதை எங்கள் வீட்டிலேயே நான் கண்டிருந்தேன். போருக்குப் பின் இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் அம்மாவுக்கு 550,000 ரூபா உதவியுடன் வீடு கிடைத்தது. அத்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டத்திலும் அம்மாவை வீட்டின் முன் நிறுத்திப் படம் எடுத்துச் சென்றனர். அடுத்த பணம் வருவதற்கு அதுவே சான்று. அப்படங்களில் அம்மா ஒன்றிலும் சிரிக்கவில்லை, நிமிர்ந்து நிற்கிறார். கலையென்று எவரும் அவற்றைச் சொல்லார். ஆயினும் முகமும் வீடும் பெயரும் ஒருங்கே அமைந்த படங்கள் எங்கள் பரம்பரையில் அவையே முதலாவதானவை. காணி அனுமதிப்பத்திரம் இல்லாமையால் அப்படங்களில் நிற்கும் வாய்ப்பே பெறாத அயலவர் சிலரும் இருந்தனர் என்பதையும் இங்கே கூறவேண்டும்.

பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் பயணங்களைத் தடுத்தன. 2022ஆம் ஆண்டின் இறுதியில், வெட்டாத படத்தின் பிரதியொன்றைச் சட்டமிட்டு எடுத்துக்கொண்டு அதே லயத்துக்குச் சென்றேன். மூதாட்டியார் இருந்தார். படத்தைக் கையில் வாங்கி, சுவரிலுள்ள படங்கள் அதற்குள்ளும் தெரிவதைக் கண்டு மகிழ்ந்தார். பின்னர் நிமிர்ந்து, "ஒழுக்கு விழலியே, தம்பி" என்றார்.

என் அம்மாயி கேட்ட கேள்வியை வேறொருவர் வாயிலிருந்து கேட்டதுபோல் இருந்தது. அன்று கூரைமூலையைப் பகல் வெளிச்சத்திலும் மழையிலுமாக ஆறு படங்கள் எடுத்தேன். அவருடைய பேத்தி, பரிசு பெறும் படத்திலிருந்த அதே சிறுமி, இப்போது உயர்தர மாணவி. அவளே கடிதம் எழுதினாள். படங்களை அக்கடிதத்தோடு இணைத்தோம். சில மாதங்களின் பின் இரண்டு தகரங்கள் மாற்றப்பட்டதாகத் தொலைபேசியிற் சொன்னாள். படத்தாலா, கடிதத்தாலா, அன்றி மாரி நெருங்கியதாலா என்று கேட்டேன். தெரியாது என்றாள். மற்றை மூலை இன்னமும் ஒழுகுகிறதாம்.

இரண்டு தகரங்கள் சட்டத்திருத்தமன்று. லயத்து அறைக்குப் பதில் ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற கோரிக்கை இன்னும் பெரும்பாலானோருக்குக் கோரிக்கையாகவே இருக்கிறது. அதற்கு வேண்டியது அரசியல், கமரா அன்று. ஆயினும் கமராவைத் தூக்கிச்செல்லும் மாணவ நண்பர்களுக்கு ஒன்று சொல்லலாம். நாம் எதைக் காண வந்தோம் என்பதற்கு முன், அவர்கள் எதைக் காட்ட விரும்புகிறார்கள் என்று கேட்போமாக. அதையும் எடுப்போமாக. பெயரைக் கேட்டு, அவர் இசைந்தால் எழுதுவோமாக. பிரதியொன்றை அந்தச் சுவருக்கே திருப்பிக் கொடுப்போமாக. இவையெல்லாம் கலையின் இலக்கணங்களல்ல. விருந்தாளியின் ஒழுக்கங்கள்.

கடந்த முறை வீட்டுக்குப் போனபோது முன்னறைச் சுவரிலே புதிய படமொன்று தொங்கிற்று. அம்மாயியின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்திருந்தார்கள். போர்க்காலம் முழுவதும் அம்மாவின் இடுப்பிற் கட்டிய பொலித்தீன் பையிற் பத்திரங்களோடு தப்பிவந்த படம் அது. படப்பிடிப்பு நிலையத்தார் கணினியின் உதவியாற் கழுத்துக்குக் கீழே உடலொன்றை ஒட்டி, பச்சைப் பட்டுச் சேலை உடுத்து, கதிரையில் அமர்த்தியிருந்தனர். அம்மாயி வாழ்நாளிற் பட்டு உடுத்தவரல்லர். இது பொய்யல்லவா என்று வாயெடுத்தேன்.

அம்மா அடுக்களையிலிருந்தே விடை சொன்னார்: "அவ நல்ல சீலை உடுத்துக்கிட்டுத்தானே போனா. எடுத்தவருதானே எடுக்கல."